காத்திருக்க முடியாதவர்கள்: வறுமை, ஏற்றத்தாழ்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கத்தில் இருந்த பெரியவர், "இப்போது எங்கே ஐயா ஏழைகள்? கீரை விற்கிற அம்மா கையிலும் செல்போன் இருக்கிறது" என்றார். இடப்பக்கத்தில் இருந்த இளைஞர் விடவில்லை. "வறுமை கூடிக்கொண்டுதான் போகிறது, பெரிய பணக்காரர்களின் சொத்துக் கணக்கைப் பாருங்கள்" என்றார். பாயசம் வரும்வரை வாதம் ஓயவில்லை. பெரியவர் பேசியது வறுமையைப் பற்றி. இளைஞர் வறுமை என்று சொன்னாலும் அவர் காட்டிய சான்று ஏற்றத்தாழ்வைப் பற்றியது. இரண்டும் ஒன்றென்று இருவரும் நினைத்ததால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டவே இல்லை.

இந்தக் குழப்பம் கல்யாண மண்டபத்தோடு நின்றுவிடுவதில்லை. ரேஷன் அரிசி, நூறு நாள் வேலை, ஓட்டுக்குப் பணம் என்று நாம் அன்றாடம் சண்டையிடும் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எனவே அடியிலிருந்து தொடங்குவோம்.

இலையும் பந்தியும்

அந்தப் பந்தியையே எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் இலையில் சோறே விழவில்லை என்றால் அது வறுமை. எல்லார் இலையிலும் சோறு விழுந்திருக்கிறது, ஆனால் முதல் வரிசைக்கு இரண்டு முறை பாயசம் வந்தது, கடைசி வரிசைக்கு ரசத்தோடு சரி என்றால் அதற்கு நம் ஊரில் பந்தி வஞ்சனை என்று பெயர். ஏற்றத்தாழ்வு என்பது அதுதான். வறுமையை அறிய ஒரே ஓர் இலையைப் பார்த்தால் போதும். ஏற்றத்தாழ்வை அறிய வேண்டுமானால் இரண்டு இலைகளையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கரண்டி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. இடுகிறவன் தன்னவன் ஆனால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று ஒரு பழமொழி சொல்கிறது. அரசியல் அங்கேதான் தொடங்குகிறது. என்ன சமைப்பது, யாருக்கு முதலில் பரிமாறுவது என்று முடிவு செய்யும் கை அது.

எதை வைத்து அளக்கிறார்கள்?

உயிர் வாழத் தேவையான மிகக் குறைந்த செலவு இவ்வளவு என்று ஒரு தொகையை அரசு வகுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே செலவழிப்பவர் ஏழை. இந்தத் தொகைதான் வறுமைக் கோடு. 2011-இல் மத்தியத் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு, நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். நாடே கொதித்தது, நியாயமாகவே கொதித்தது. 33 ரூபாய் செலவழிக்கிறவர் அந்தக் கணக்கில் ஏழை இல்லை!

இத்தகைய குறை இருப்பதால் இன்னோர் அளவுகோலும் உண்டு. கையிலுள்ள காசை மட்டும் பார்க்காமல் ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள் போன்றவற்றில் எத்தனை இல்லை என்று எண்ணுவது. இதைப் பல்பரிமாண வறுமை என்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வை வைத்து நிதி ஆயோக் வெளியிட்ட கணக்கில், இப்படி வறியவர்கள் இந்தியாவில் 14.96 விழுக்காடு, தமிழ்நாட்டில் 2.2 விழுக்காடு. பெரியவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

இளைஞரின் பக்கத்துக்கு வேறு அளவுகோல். கினி குறியீடு என்று செய்திகளில் வரும். 1912-இல் கொராடோ கினி என்ற இத்தாலியர் வகுத்தது. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் பூஜ்யம், எல்லா வருமானமும் ஒருவரிடமே என்றால் ஒன்று. எண் பெரிதாகப் பெரிதாக ஏற்றத்தாழ்வு கூடுகிறது என்று புரிந்துகொண்டால் போதும். இதைவிட எளிதாக மனத்தில் தைப்பது மேல்தட்டின் பங்கு. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி 2022-23-இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடு உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டினருக்குப் போனது. மொத்தச் சொத்தில் 40.1 விழுக்காடு அவர்களிடம் இருந்தது. நூறு பேர் பந்தியில் நூறு வடை வந்து, ஒருவர் இலையில் மட்டும் இருபத்திரண்டு விழுந்தால் மற்றவர்கள் எழுந்து கேட்டுவிடுவார்கள். நாடு என்பது இலைகள் தெரியாத அளவுக்கு நீண்ட பந்தி.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்? ஒருவர் மாத வருமானம் 10,000-இலிருந்து 12,000 ஆகிறது. இன்னொருவர் வருமானம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆகிறது. முதலாமவர் வறுமை குறைந்தது. இருவருக்கும் இடையே இருந்த பத்து மடங்கு இடைவெளி பதினாறு மடங்கைத் தாண்டிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சொன்னால்: வறுமை என்பது இல்லாமை, ஏற்றத்தாழ்வு என்பது இடைவெளி. ஒன்று குறையும்போதே மற்றது கூடலாம். இனி, இவை நம் வாழ்வில் எந்த வழியாக வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

காத்திருக்கும் வலு

என் கணிப்பில் இந்த முழு விஷயத்துக்கும் திறவுகோல் ஒன்றுதான்: யாரால் காத்திருக்க முடியும்?

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும். விவசாயி நெல்லைக் கொண்டுபோய் நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைக்கிறார். அரசு விலை உண்டு, 2025-26-இல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆனால் வரிசை நீளம். சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்று நாள்கள் போகும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பது பொதுவான விதி. தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் கிளறி, இரவில் காவல் இருக்க வேண்டும். இதற்கிடையே உரக்கடைப் பாக்கி, அறுவடை இயந்திர வாடகை, அடுத்த சாகுபடிக்கு விதை. அப்போது ஒரு தனியார் வியாபாரி வருகிறார், விலையைக் குறைத்துக் கேட்கிறார், கையோடு ரொக்கம் தருகிறார்.

பத்து நாள் பொறுக்க முடிந்தவர் பொறுக்கிறார். முடியாதவர் விற்றுவிடுகிறார். இருவரும் விளைவித்தது ஒரே நெல், இருவருக்கும் விலை தெரியும், இருவருக்கும் கணக்குத் தெரியும். வேறுபாடு பொறுக்க முடிந்ததா இல்லையா என்பதில் மட்டுமே இருக்கிறது.

ஒரு பேரத்தில் "வேண்டாம்" என்று எழுந்துபோக முடிகிற நிலையைப் பேர வலு என்கிறார்கள். காத்திருக்க முடிந்தவருக்கு அது உண்டு. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். வேலை கொடுப்பவர் ஓராண்டு, ஈராண்டுகூடக் கைமுதலை வைத்துக் காலம் தள்ளுவார். வேலை இல்லாமல் தொழிலாளர் பலருக்கு ஒரு வாரம் தாங்காது என்றார். சட்டப்படி இருவரும் சமமான இரண்டு தரப்புகள். ஆனால் ஒரு தரப்புக்குப் பசிக்கிறது.

வறுமை ஒருவரின் காத்திருக்கும் வலுவைப் பறிக்கிறது. ஏற்றத்தாழ்வு எதிரில் இருப்பவரின் காத்திருக்கும் வலுவைப் பெருக்குகிறது. இரண்டும் சேரும்போதுதான் விலையும் கூலியும் வட்டியும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன.

இல்லாதவருக்கு எல்லாமே விலை அதிகம்

காய்கறிச் சந்தைகளில் ரன் வட்டி என்று ஒன்று ஓடுகிறது. விடியற்காலையில் 900 ரூபாய் கொடுப்பார்கள், மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்ப வேண்டும். தள்ளுவண்டியில் காய் விற்கும் ஒரு பெண் அந்தத் தொகையில் சரக்கு எடுத்து, விற்று, கடனை அடைத்து, மீதியில் வீட்டை நடத்துகிறார். மாதத்தில் 25 நாள் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 2,500 ரூபாய். அவருக்குத் தேவைப்பட்ட முதல் வெறும் 900.

இதைக் கேட்டதும் படித்தவர்கள் சொல்வது: "ஒன்பது நாள் அந்த நூறு ரூபாயைச் சேர்த்துவைத்தால் கடனே வேண்டாமே, இது கூடத் தெரியாதா?"

தெரியும். நம்மைவிட நன்றாகத் தெரியும். தவணையும் வட்டியும் மனக்கணக்காகவே வைத்திருப்பவர்கள் அவர்கள். அந்த நூறு ரூபாய் வட்டியாகப் போகும் காசு. சேர்க்க வேண்டுமானால் வட்டியையும் கட்டிவிட்டு, அதற்கு மேல் இன்னொரு நூறை வீட்டுச் செலவிலிருந்து எடுக்க வேண்டும். அதையும் எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசி, மருந்து, அன்றைக்கு வியாபாரமும் இல்லை. சேர்த்தது கரைந்துவிடும். அடுத்த மாதம் மீண்டும் தொடங்குவார். மழை வரும். மீண்டும் கரையும். அவர் அங்கேயே நிற்பது முயலாததால் அல்ல. விழும்போது தாங்கும் மெத்தை இல்லாததால் ஒவ்வொரு முறையும் தரை வரைக்கும் விழுகிறார்.

தண்டல் கடனும் இதே கதைதான். தாளில் 10,000 ரூபாய் என்று எழுதி, கையில் 8,500 கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிப்பார்கள். கேட்பதற்குச் சிறிய தொகை போல இருக்கும். கடன் தினம் தினம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. மாதச் சம்பளம் வாங்குபவருக்கு வீட்டுக் கடன் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. பணத்துக்கு மிக அதிக விலை கொடுப்பவர் அது மிகக் குறைவாக உள்ளவர்.

கடும் வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தைப் பயன்படுத்தவும் காத்திருக்கும் வலு வேண்டும்: மனு, விசாரணை, மறுபடி மனு. 2017 அக்டோபரில் திருநெல்வேலியில், கந்துவட்டிக்கு எதிராகப் பலமுறை மனு கொடுத்தும் பயன் இல்லாமல் ஒரு குடும்பமே மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கு இரையானது. சட்டம் நடைமுறைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பக்கத்து வீட்டுப் பணம் என் வாடகையில்

"அவர் பணக்காரராக இருந்தால் உனக்கென்ன நட்டம்?" என்று கேட்பார்கள். பல பொருள்களில் நட்டம் இல்லைதான். ஆனால் நிலம் பெருகாது. சிலர் கையில் பெரும்பணம் சேரும்போது அது மனையாகவும் கட்டடமாகவும் மாறுகிறது; வாடகை ஏறுகிறது; தன் வருமானம் குறையாமலேயே ஒருவர் ஊருக்கு வெளியே தள்ளப்படுகிறார். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடம் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு நேர்ந்தது இதன் இன்னொரு வடிவம். வீடு கிடைத்தது. வேலை நகருக்குள்ளேயே இருந்துவிட்டது. நாளில் சில மணி நேரம் பஸ்ஸில் போயிற்று.

பொருளாதாரப் பக்கத்தைச் சுருக்கினால்: வறுமையால் காத்திருக்க முடியாமல் போகிறது, அதனால் விற்பது மலிவாகவும் வாங்குவது விலை கூடியும் நடக்கிறது, அந்த நட்டம் வறுமையை நீட்டிக்கிறது.

ஓட்டு ஒன்றுதான், எடை ஒன்றா?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். 1950 ஜனவரி 26 முதல் நாம் முரண்பாடான ஒரு வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம்; அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை இருக்கும்; இதை விரைவில் நீக்காவிட்டால் அந்தச் சமத்துவமின்மையால் துன்புறுகிறவர்கள் அரசியல் ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றார்.

அந்த முரண்பாடு என்ன செய்யும் என்பதைக் கீழ்வெண்மணி காட்டியது. அன்றைய கீழத் தஞ்சையில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்கள் அவர்கள். 1968 டிசம்பர் 25 இரவு பெண்களும் குழந்தைகளுமாகப் பெரும்பான்மையோர் இருந்த 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், வேலையாள்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. பணக்காரர் என்பதே ஒரு சாட்சியமாகிவிட்டது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும், வயது வந்திருந்தால், ஓர் ஓட்டு இருந்தது. சாதியும் நிலமும் ஒரே பக்கம் நின்றபோது அந்த ஓட்டு அவர்களைக் காக்கவில்லை.

இன்று இது வேறு வழிகளில் நடக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-இல் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஒரு நாள்கூட விடாமல், ஒரு ரூபாய்கூடச் சாப்பிடாமல் சேர்த்தால் அந்த உச்சவரம்பை எட்ட 32 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்பது ஏட்டில் உண்மை. 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் 504 பேர், அவர்களே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களின்படி, கோடீஸ்வரர்கள்.

கட்சிக்கு வரும் நிதியும் அப்படியே. 2018 முதல் 2024 வரை தேர்தல் பத்திரங்கள் மூலம் சுமார் 16,500 கோடி ரூபாய், கொடுத்தவர் யார் என்று மக்களுக்குத் தெரியாமல் கட்சிகளுக்குப் போனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ரத்து செய்தது. சாமானியர் அமைச்சரிடம் மனு கொடுக்க வரிசையில் நிற்கிறார். பெரும் நன்கொடையாளருக்கு அந்த வரிசை இல்லை.

ஓட்டுக்குப் பணம்: யார் விற்கிறார், யார் வாங்குகிறார்?

2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர்; 2019-இல் வேலூர். வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்படுவதாக எழுந்த புகாரில் தேர்தல் தள்ளிப்போன அல்லது ரத்தான தொகுதிகள் இவை. உடனே கிளம்பும் பேச்சு, "ஐந்நூறுக்கு ஓட்டை விற்கிற ஜனங்கள் இருக்கும்வரை நாடு உருப்படாது" என்பது.

மீண்டும் காத்திருக்கும் வலுவை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இன்று கையில் விழும் காசு. இன்னொரு பக்கம் ஐந்து ஆண்டுகளில் வரும் என்று சொல்லப்படும் சாக்கடையும் மருத்துவமனையும். சென்ற முறை சொன்னதே வரவில்லை. ரன் வட்டிக்குக் கடன் வாங்குகிறவரிடம் ஐந்து ஆண்டு பொறுக்கச் சொல்கிறோம். வாங்குவது சரி என்று நான் வாதிடவில்லை. அது குடியுரிமையைச் சிறுமைப்படுத்துகிறது. ஆனால் இதில் கோடிகளைப் புழக்கத்தில் விடுபவர் பணமுள்ளவர், போட்டதை எடுக்கப் பதவியை நம்பியிருப்பவர். வாங்குகிறவரை ஊர் முழுக்கத் திட்டுகிறோம். கொடுக்கிறவருக்குக் கோயில் விழாவில் பரிவட்டம் கட்டுகிறோம். இது என்னை உண்மையாகவே வருத்துகிறது. பணம் வாங்கியவர்கள் எல்லாரும் கொடுத்தவருக்கே ஓட்டுப் போடுவதும் இல்லை. இரகசிய வாக்கு அந்த அளவுக்கேனும் அவர்களைக் காக்கிறது.

"இலவசம்" என்ற சொல்

"வரி கட்டுகிறவர்கள் நாங்கள், இலவசம் அவர்களுக்கு" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். வருமான வரியை மட்டும் வரி என்று நினைப்பதால் வரும் பிழை இது. பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வரிக்கு மறைமுக வரி என்று பெயர். பெரியவர் பார்த்த அந்தக் கீரைக்கார அம்மாவின் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி போகிறது. 200 ரூபாய் ரீசார்ஜில் ஏறத்தாழ 30 ரூபாய். கோடீஸ்வரருக்கும் அதே 30 தான். அவர் வருமானத்தில் அது தூசு.

1997-இல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று மத்திய அரசு சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதைக் கைவிடவில்லை. வீணாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் ஏழைகள் மட்டும் நிற்கும் வரிசையில் புழுத்த அரிசி வந்தால் கேட்க நாதியிராது. ஆசிரியரும் குமாஸ்தாவும் அதே வரிசையில் நின்றால் கடை நேரத்துக்குத் திறக்கும். குரல் எடுபடாதவர்களோடு குரல் எடுபடுகிறவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது அந்த ஏற்பாட்டின் நுட்பம். 1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு பரவியதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்ததும், 2022-இல் காலை உணவு வந்ததும் இதே தடத்தில்தான்.

"ஆள் கிடைப்பதில்லை"

கிராமத்துக்குப் போனால் நிலம் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்: அரிசி சும்மா கிடைக்கிறது, நூறு நாள் வேலை வந்துவிட்டது, வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை, மக்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று. இதுவரை வந்த வாசகர் இந்தப் புகாரை வேறு காதால் கேட்பார் என்று நம்புகிறேன். வீட்டில் அரிசி இருக்கிறது. எனவே நடவுக்கு வரும் பெண்கள் வயலில் இறங்கும் முன்பே வரப்பில் நின்று கூலி பேசுகிறார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அன்றைக்குத் திரும்பிப் போகிறார்கள். அவர்களுடைய பாட்டிகளால் அது முடியாது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று மேலே பார்த்தோம்.

ஆனால் புகார் சொல்லும் அந்தச் சிறு விவசாயியும் பொய் சொல்லவில்லை. அவர்தான் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர். கூலி ஏறுகிறது, நெல் விலையைத் தீர்மானிப்பது அவர் கையில் இல்லை. அவருடைய கோபம் எளிதில் எட்டும் தூரத்தில் இருக்கும் நடவுக்காரப் பெண்ணின் மீது விழுகிறது. அவரிடம் நெல்லைக் குறைத்து வாங்கிய வியாபாரி அந்த வரப்புக்கு வருவதே இல்லை. அவருடைய கிடங்கு ஊருக்கு வெளியே பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருக்கிறது. அறுவடைக் காலத்தில் உள்ளே போன மூட்டைகள், விலை ஏறும் மாதம் வரை அங்கே அடுக்கியபடி இருக்கும்.